ஒரு சாண் குருடு

தீண்டாமைக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆள் தேவைப்பட்ட காலத்தில் நான் வேலையில் இருந்தேன். அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை. ‘பாதுகாப்பு இடைவெளி’ என்றார்கள். நாகரிகமான ஜனங்கள். பழைய சாக்கடைக்குப் பளபளவென்று புது மூடி போடத் தெரிந்தவர்கள்.

கேளம்பாக்கம் தாண்டி, முன்பு உப்பளமாக இருந்த நிலத்தில் எழும்பிய குடியிருப்பு அது. பெயர் நீலவானம் என்க்ளேவ். மஞ்சள் இருமல் பரவிய வருடத்தில் அங்கே எல்லோர் கழுத்திலும் ஒரு லாக்கெட் ஏறியது. எங்கள் கம்பெனி தயாரிப்புதான், பெயர் ‘வட்டம்’. இருமல் ஒரு கோடையோடு ஒழிந்தது. லாக்கெட் ஒழியவில்லை, ஏனென்றால் அது இருமலைவிட நன்றாக வேலை செய்தது.

விஷயம் எளிமையானது. குடியிருப்பவர்கள் எல்லோரும், கைக்குழந்தை உட்பட, லாக்கெட் போட்டுக்கொள்ள வேண்டும். ஆயா, சமையல்காரர், டிரைவர், தோட்டக்காரர் என்று வேலைக்கு வருகிறவர்கள் ஆரஞ்சு நிற அட்டையை உடையில் குத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் யார் வந்திருக்கிறார் என்பதை அட்டை சொல்லும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை லாக்கெட் சொல்லும். மனிதக் காதுக்குக் கேட்காத ஓர் ஒலியை அது அனுப்பும், எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கும். வௌவால் செய்கிற வேலைதான். அட்டைக்காரர் மூன்றடிக்குள் வந்தால் ‘பீப்’ என்று கத்தி, அவர் பேரில் ஒரு கரும்புள்ளி வைக்கும். புள்ளிகள் சேர்ந்தால் கேட் பாஸ் ரத்து. வௌவால் இவ்வளவு கேவலமான வேலைக்குத் தன் திறமையைப் பயன்படுத்துவதில்லை.

நான் பூரணி. அந்த லாக்கெட்டின் சர்க்யூட்டுக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்ப்பவள்.

ஒரு நாள் என் முதலாளி குணசீலன் என்னை நீலவானத்துக்கு அனுப்பினார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பரஞ்சோதி கூப்பிட்டிருந்தார். பரஞ்சோதி ஏதோ ஓர் அரசுத் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலங்கள் கட்டியவராம். அவற்றில் எவையெல்லாம் இன்னும் நிற்கின்றன என்று நான் விசாரிக்கவில்லை. வெள்ளைக் கதர்ச் சட்டை, அதன்மேல் லாக்கெட், முகத்தில் எப்போதும் திறப்பு விழாவுக்குக் கிளம்பியவரின் களை. மகள் ஹரிணியும் பேத்தி ஆதிரையும் அவரோடுதான் இருந்தார்கள். மருமகன் கப்பலில். ஹரிணிக்கு வீட்டிலிருந்தே வேலை. காலை முதல் இரவு வரை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திரையிடம் பேசிக்கொண்டிருப்பாள்.

பரஞ்சோதி என்னைப் பால்கனிக்கு அழைத்துப் போய்க் கீழே பூங்காவைக் காட்டினார்.

“பாருங்க மேடம். அந்த பெஞ்ச்.”

பெஞ்சில் ஆரஞ்சு அட்டையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் கன்னத்தைப் பதித்து ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. லாக்கெட் இரண்டு பேர் நெஞ்சுக்கும் நடுவில் நசுங்கியிருக்க வேண்டும்.

“என் பேத்தி. அவ ஆயா, சந்தனமேரி. எப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க. பீப் வரணுமா இல்லையா? வரல. தினமும் இப்படித்தான். ரெண்டடில நின்னா கத்துது, இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டா கத்தறதில்ல. என்ன மெஷின் இது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. மேஜையில் இருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து ஸ்பூனால் ஒரு தட்டு தட்டினேன். ணங்ங்ங் என்று அது இழுத்துக்கொண்டே போனது.

“தட்டினது ஒரு தரம்தான் சார். ஆனா உடனே நிக்குதா? லாக்கெட்டுக்குள்ள இருக்கற வில்லையும் இப்படித்தான். ஒலிய அனுப்பி முடிச்ச பிறகும் கொஞ்ச நேரம் அதிர்ந்துக்கிட்டே இருக்கும். அதே வில்லைதான் எதிரொலியையும் கேட்கணும். தானே கத்திக்கிட்டு இருக்கறப்ப அடுத்தவங்க பேசறது எப்படிக் கேட்கும்? தூரத்துல இருந்து வர்ற எதிரொலி மெதுவா வரும், அதுக்குள்ள இதுவும் ஓஞ்சிருக்கும். ரொம்பப் பக்கத்துல இருந்து வர்றது உடனே வந்துடும். அது இதோட இரைச்சல்ல மூழ்கிடும். அதனால கிட்டத்துல ஒரு சாண் தூரம் லாக்கெட்டுக்குக் குருடு. எல்லா சென்சாருக்கும் உள்ளதுதான்.”

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு அதன் விளிம்பில் விரலை வைத்தார். சத்தம் நின்றது. பாலம் கட்டியவர் அல்லவா.

“அப்ப இப்படி நிறுத்திடுங்க.”

“முடியும். ஆனா ஒண்ணு கேக்கறேன் சார். ஆயா குழந்தையத் தூக்கக்கூடாதா?”

“விதி தெளிவா இருக்கே மேடம். கழுவலாம், துடைக்கலாம், ஊட்டலாம். அதுக்குத்தான் அனுமதி பட்டன் குடுத்திருக்கோம், அழுத்தினா கொஞ்ச நேரம் கத்தாது. தூக்கி வெச்சுக் கொஞ்சறது அவங்க வேலை இல்ல.”

“அழுதா?”

“தொட்டில் ஆட்டோமேட்டிக். பாட்டுகூடப் பாடும்.”

மலத்தைத் தொடலாம், குழந்தையைத் தொடக்கூடாது. இந்த அறிவை எந்தக் கல்லூரியில் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் அதில் தேறியிருந்தார்கள்.

கீழே இறங்கிப் பூங்கா வழியாகப் போனேன். சந்தனமேரி என் கையில் இருந்த டெஸ்டரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். நாற்பது வயது இருக்கலாம். குடிசை அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறவள்.

“இன்னா மேடம், மெஷின் ரிப்பேரா?”

“ரிப்பேர் இல்ல. நீங்க குழந்தையத் தூக்கி வெச்சிருந்தா கத்த மாட்டேங்குதாம். கத்த வைக்கணுமாம்.”

“ஐயோ, அதை ஏன் கெளர்றாங்க. சேலைல அமுங்கிக்கினா அதுக்கு மூச்சு முட்டுதோ இன்னாவோ, கம்முனு கெடக்குது. கெடந்துட்டுப் போட்டுமே.”

“தொட்டில் இருக்குன்னு சொன்னாரு.”

“தொட்டில் ஆடும், இது அழுவும். ரெண்டும் அதுங்க பாட்டுக்கு நடக்கும்.” குழந்தையின் முதுகை மெல்லத் தட்டிக்கொண்டே சொன்னாள். “இதுக்கு ஆள் சூடு இல்லாம தூக்கம் வராது மேடம். அவங்க அம்மா பாவம், ராத்திரிதான் ரூமவுட்டு வெளிய வருது. பகல் பூரா நான்தான். தூக்காதன்னா இன்னா பண்றது? நீங்களே சொல்லுங்க.”

ஆதிரை தூக்கத்தில் அந்த ஆரஞ்சு அட்டையின் மூலையை வாயில் வைத்திருந்தாள். பால் பல்லின் தடங்கள் அட்டையில் வரிசையாக இருந்தன.

கிண்டியில் இருந்த எங்கள் ஆபீசுக்குத் திரும்பி குணசீலனிடம் முடியாது என்று சொன்னேன். குணசீலன் கோபப்படாத மனிதர். ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு, மாட்டைத் தூக்கி ஆட்டில் போட்டு எதையும் விற்றுவிடுவார்.

“இது ஒரு ஃபீச்சர் மேடம். ‘குருட்டுப் பகுதியே இல்லை’ன்னு விளம்பரம் போட்டா மத்த என்க்ளேவெல்லாம் வரிசைல நிக்கும். ஆமா, உங்களால முடியாதா, இல்ல மாட்டேங்கறீங்களா? முடியாதுன்னா சொல்லுங்க. பெங்களூருல ஒரு பையன் இருக்கான், ஒரு வாரத்துல பண்ணித் தர்றேங்கறான்.”

அவரை எனக்குப் பிடிக்காததற்குக் காரணமே அவர் என்னை இவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்ததுதான். நான் செய்தேன்.

முதலில் வில்லைக்கு இணையாக ஒரு மின்தடையத்தைப் போட்டேன். தட்டில் விரல் வைக்கிற வேலை. அதிர்வு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு வேறு வைத்தியம். ஆடுகிற ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போது சரியான நொடியில் எதிர்த்துத் தள்ளினால் நின்றுவிடும் அல்லவா, அதுபோல் வில்லை அதிரும் திசைக்கு நேர் எதிராக ஒரு சின்னத் துடிப்பைக் கொடுப்பது. நேரம் தப்பினால் ஊஞ்சல் இன்னும் வேகமாக ஆடும். தப்பாமல் கொடுத்தேன். திரையில் அந்த நீண்ட வால் அறுந்து விழுந்து, அதன் கீழே அதுவரை புதைந்து கிடந்த எதிரொலி மொட்டு மாதிரி எழுந்து நின்றது. என் உள்ளங்கையை லாக்கெட்டின் மேலேயே ஒட்டிவைத்தேன். அதையும் பார்த்தது. அழகான வேலை. எதற்கு என்பதை ஒரு நிமிடம் மறந்தே போனேன்.

ஒரு சிக்கல் இருந்தது. உடம்புச் சூட்டில் வில்லையின் சுருதி மாறும், ஆகவே ஒவ்வொரு லாக்கெட்டையும் கழுத்தில் போட்ட நிலையிலேயே சுருதி சேர்க்க வேண்டும். அதோடு, ஒரு சாணுக்குள் வருவது வேலையாளா வீட்டு மனிதரா என்று பிரித்தறிய அட்டை மட்டும் போதாது, வேலையாளின் எதிரொலி எப்படி இருக்கும் என்று லாக்கெட்டுக்கு ஒரு முறை கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு அட்டை போட்ட ஆள் ஒருவர், லாக்கெட் போட்டவருக்கு ஒரு சாண் தூரத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

கிளப் ஹாலில் ஏற்பாடு செய்தார்கள். நடுவில் சோபாக்களில் குடியிருப்பவர்கள். சுவரோரம் வேலையாட்கள், மூன்றடி விட்டு மூன்றடி. எனக்கு ஃபில்டர் காபி கொடுத்தார்கள். ஒரு அம்மாள் என் புடவையை விரலால் தடவிப் பார்த்து எந்தக் கடை என்று விசாரித்தாள். எல்லாம் சுமுகமாகத்தான் போயிற்று, நான் விஷயத்தைச் சொல்லும்வரை.

“ஒரு சாணா?” என்றார் பரஞ்சோதி. “அது எப்படி மேடம். அவங்க நெருங்கக்கூடாதுன்னுதானே இந்த ஏற்பாடே.”

“நெருங்கினா எப்படி இருக்கும்னு லாக்கெட்டுக்குத் தெரியணுமே சார்.”

“சாத்தியமில்ல. சங்கத்துல யாரும் ஒத்துக்க மாட்டாங்க.”

“சரி, வேலையாளுங்க வேண்டாம். உங்கள்ல யாராவது ஒருத்தர் இந்த அட்டைய மாட்டிக்கிட்டு வந்து நில்லுங்க. ஓரளவுக்கு ஒத்து வரும். அஞ்சு நிமிஷம் போதும்.”

அட்டையை நீட்டிக்கொண்டே நின்றேன். பக்கத்தில் இருந்தவர் திடீரென்று போனைப் பார்க்க ஆரம்பித்தார். இன்னொருவர் தன் மனைவியைப் பார்த்தார், அவள் மின்விசிறியைப் பார்த்தாள். டி-ஷர்ட் போட்ட ஓர் இளைஞன் மட்டும் வேடிக்கை என்று நினைத்துக் கையை நீட்டினான். அவன் அம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

“கொடுமை. நானே மாட்டிக்கறேன்” என்று அட்டையை என் புடவையில் குத்திக்கொண்டேன். “யாராவது வந்து எதிர்ல நில்லுங்க.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் புடவையைத் தடவிப் பார்த்த அம்மாள் மெதுவாகச் சோபாவின் மறு ஓரத்துக்கு நகர்ந்தாள். அவள் கெட்டவள் இல்லை. நகர்ந்தது அவளுக்கே தெரிந்திருக்காது. என் கையில் அவர்கள் கொடுத்த காபி டம்ளர் இன்னும் சூடாக இருந்தது.

பரஞ்சோதிதான் வழி கண்டுபிடித்தார்.

“தலையணைய வெச்சுடலாமே மேடம். தலையணைக்கு ஒரு டிரைவர் யூனிஃபார்ம் சட்டைய மாட்டி, அட்டையக் குத்தி, லாக்கெட்டுக்கு முன்னாடி தொங்க விட்டுடலாம். ஒரே தலையணை, அட்டைய மட்டும் மாத்திக்கலாம்.”

“சார், நல்லாக் கேட்டுக்குங்க. தலையணை ஒலியக் குடிச்சுடும். மெத்துனு, மங்கலா ஒரு எதிரொலிதான் வரும். லாக்கெட் அதையே சந்தனமேரின்னு கத்துக்கும். அப்புறம் சந்தனமேரி வீட்டுக்குள்ள எங்கயாவது இருக்கறப்ப, மெத்துனு எது குழந்தை பக்கத்துல வந்தாலும் அவதான்னு நினைச்சுக் கத்தும். உங்க பொண்ணு குழந்தைய அணைச்சாலும் கத்தும். புரியுதா?”

“அதிக ஜாக்கிரதை நல்லதுதானே மேடம்” என்றார் பரஞ்சோதி. சோபாக்கள் தலையாட்டின. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நான்காவது காலைத் தொட்டுக் காட்டினால், அது வால் என்பார்.

தலையணை வந்தது. பூப்போட்ட உறை. அதற்கு நீலச் சட்டை மாட்டி, கொடியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு அட்டையாகக் குத்தி, ஒவ்வொரு லாக்கெட்டுக்கும் அதை மனிதன் என்று கற்றுக்கொடுத்தேன். சுவரோரம் நிஜ மனிதர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சந்தனமேரி வாயில் முந்தானையை வைத்து மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நானும் அடக்கம் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவு மனமொப்பிச் செய்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு நாள் தாங்காது என்று நினைத்தேன். பெற்ற தாய் பிள்ளையை வாரி அணைக்கும்போது நெஞ்சுக்கு நடுவில் ஒரு டப்பா ‘பீப்’ என்று கத்தினால் என்ன செய்வாள்? பிடுங்கி ஜன்னல் வழியாக எறிவாள். எல்லா வீட்டிலும் எறிவார்கள், சனியன் தொலையும், சந்தனமேரி நிம்மதியாகக் குழந்தையைத் தூக்குவாள். அவர்களைப் பற்றி நான் எவ்வளவு மட்டமாக நினைத்திருந்தும், அது போதவில்லை.

முதல் இரண்டு நாள் புகார் சொல்லிப் போன் வந்தது. மூன்றாம் நாள் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன், எறிந்துவிட்டார்கள் என்று. குணசீலன் தன் போனைக் கொண்டுவந்து காட்டினார். பரஞ்சோதி கையெழுத்திட்ட சுற்றறிக்கை. வேலையாட்கள் வீட்டில் உள்ள நேரங்களில், தேவையற்ற ஒலியைத் தவிர்க்கும் பொருட்டு, குடும்ப உறுப்பினர்களும் குழந்தைகளையும் முதியோரையும் நெருங்காமல் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

“வீட்டுல வேலையாளு இல்லாத நேரம்னு ஒண்ணு இருக்கா அங்க?” என்று கேட்டேன்.

“ஷிஃப்ட் மேடம். எப்பவும் யாராவது ஒருத்தர் இருப்பாங்க.”

“அப்ப?”

“அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாங்க” என்றார் குணசீலன். அவர் முகத்தில்கூட லேசாக ஓர் ஆச்சரியம் தெரிந்தது.

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார்கள். இதைவிடக் கேவலமான வார்த்தை நம்மிடம் இல்லை. சோற்றில் கல் இருந்தால் அட்ஜஸ்ட், கூரை ஒழுகினால் அட்ஜஸ்ட், பிள்ளையைக் கட்டிக்கொள்ளக்கூடாது என்றால் அதற்கும் அட்ஜஸ்ட். யாரும் துப்பாக்கியைக் காட்டவில்லை. ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை மீதி வேலையைச் செய்தது.

சில மாதம் கழித்துச் சோழிங்கநல்லூர் பஸ் நிறுத்தத்தில் சந்தனமேரியைப் பார்த்தேன். அவள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள்.

“தலகாணி மேடம்தான நீங்க?”

அந்தப் பட்டத்தை மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. நீலவானத்தில் இல்லையா என்று கேட்டேன்.

“பாஸ புடுங்கிக்கினாங்க. நான் தொட்டதே இல்ல மேடம் அப்புறம். சத்தியமா. சமையல் ரூம்ல நிப்பேன், ஹால்ல அந்தம்மா புள்ளயக் கட்டிப் புடிக்கும், பீப்புங்கும். என் பேர்ல ஒரு புள்ளி. ஐயா வந்து முத்தம் குடுத்தாரு, அதுக்கும் என் பேர்ல ஒண்ணு. யாரு தொட்டாலும் நான்தான் தொட்டேனாம்.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்குச் சர்க்யூட் போட்டுக் கொடுத்தவள் நான். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.

“ஹரிணி எதுவும் பேசலையா உங்களுக்காக?”

“பேசுச்சு, பேசுச்சு. ‘சாரி’ன்னுச்சு.” சொல்லிவிட்டுப் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “எனக்கு இன்னா மேடம், வேற எடம் கெடைச்சுடுச்சு. அது எப்படித் தூங்குதுன்னுதான் தெரில. கடைசி நாள்ல தூரமா நின்னுக்கினே டாட்டா காமிச்சேன். அழுவும்னு பாத்தேன். அழுவல.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

தீபாவளி முடிந்து ஒரு நாள், பரஞ்சோதியிடமிருந்து சர்வீஸ் புகார் வந்தது. நேராக என்னையே கூப்பிட்டார். குரலில் திறப்பு விழா இல்லை.

“உங்க லாக்கெட்டுல பெரிய கோளாறு மேடம். குழந்தையோடது. யார்கிட்டயும் ஒட்ட மாட்டேங்கறான்னு டாக்டர்கிட்ட காட்டி, அவர் சொல்லி ஹரிணி போன வாரமே கழட்டிட்டா. பேட்டரியையும் எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். அப்பவும் கத்துது.”

“பேட்டரி இல்லாம எப்படி சார் கத்தும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். வந்து பாருங்க.”

எரிச்சலோடுதான் போனேன். பேட்டரியை எடுத்துவிட்டேன் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் எடுத்திருக்க மாட்டார்கள். பரஞ்சோதி பீரோவைத் திறந்து, ஒரு பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த லாக்கெட்டைக் கொடுத்தார். திருகைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்தேன். பேட்டரி இல்லை. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். உயிரே இல்லை. வெறும் டப்பா.

“இது செத்துப் போச்சு சார். இது கத்தல.”

“பீப்” என்று ஹாலில் கேட்டது.

அதே சுருதி. அதே நீளம். இருபது வருடமாக அந்த வகைச் சத்தங்களோடு குப்பை கொட்டியவள் நான், என் காதே ஏமாந்தது. பரஞ்சோதி என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“கேட்டீங்களா?”

“உங்களோடதா இருக்கும்.”

“நான் போடறதில்ல இப்பல்லாம்” என்றார். சட்டைப் பொத்தானைத் திறந்து வெறும் கழுத்தைக் காட்டினார். “ஹரிணியும் போடறதில்ல. புது ஆயாவுக்கு ஒரு வாரம் லீவு குடுத்துட்டோம். வீட்டுல ஒரு மெஷினும் இல்ல.”

ஹாலுக்குப் போனேன். ஹரிணி தரையில் மண்டியிட்டிருந்தாள். தலை வாரவில்லை, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அன்றைக்கு அவள் அறையில் திரை அணைந்திருந்தது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, “வா கண்ணு, அம்மாகிட்ட வா” என்று சொல்லிக்கொண்டே முழங்காலால் மெல்ல முன்னே நகர்ந்தாள்.

சோபாவுக்குப் பக்கத்தில் ஆதிரை நின்றுகொண்டிருந்தாள். நன்றாக நடக்கிற வயது. சுத்தமான கவுன், கழுத்தில் ஒன்றும் இல்லை. அம்மா நெருங்க நெருங்க அவள் முகத்தில் பயம் எதுவும் வரவில்லை, ஒரு கவனம்தான் வந்தது. ஹரிணியின் விரல்கள் கிட்டே வந்ததும் உதட்டைக் குவித்து, தெளிவாக, “பீப்” என்றாள். சொல்லிவிட்டு இரண்டு எட்டு பின்னால் வைத்தாள்.

“வேற வார்த்தையே பேச மாட்டேங்கறா” என்றாள் ஹரிணி, திரும்பாமலே. “அம்மான்னுகூடச் சொல்லல. ஒரு வாரமா இதுதான். நான் சொன்னா அப்பா நம்பல, மெஷின்தாங்கறாரு.”

பரஞ்சோதி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு, மிகத் தணிந்த குரலில் என்னிடம் கேட்டார்.

“அப்ப லாக்கெட்டுல கோளாறு ஒண்ணும் இல்லையா மேடம்?”

“ஒண்ணும் இல்ல சார். நல்லா வேலை செஞ்சிருக்கு.”

அவரைக் குத்தவேண்டும் என்றுதான் சொன்னேன். குத்தியதா என்று தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ஓர் அறிக்கையைக் கேட்டு ஏற்றுக்கொள்வதுபோல. எனக்கு அவரை ஓங்கி அறைய வேண்டும் போலவும், ஓரமாக உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் டெஸ்டரைப் பைக்குள் வைத்தேன்.

“சந்தனமேரியக் கூப்பிடுங்க” என்றேன். “அவ தூக்கினா ஒருவேளை வரலாம்.”

“அவ பாஸ் ரத்தாயிடுச்சே. மறுபடி விடணும்னா பொதுக்குழுவுல வெச்சுத்தான்…” என்று ஆரம்பித்தார் பரஞ்சோதி. ஹரிணி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஹரிணி மறுபடி முயன்றாள். இந்தத் தடவை கையை நீட்டவில்லை. தரையோடு தரையாகத் தவழ்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, குழந்தையின் காலடி வரைக்கும் போனாள். “பீப்” என்றாள் ஆதிரை. ஹரிணி நிற்கவில்லை. “பீப், பீப், பீப்” என்று குரல் உயர்ந்தது. உடம்பு சுவரோடு ஒட்டி விறைத்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் மூச்சடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஹரிணி பயந்துபோய்ப் பின்வாங்கினாள். ஓரடி, இரண்டடி, கடைசியில் கம்பளத்தின் ஓரம் வரைக்கும் போய், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆதிரை தரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். தூரம் சரியாக இருந்தது. அவள் முகம் தளர்ந்தது. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.